எஞ்சினோடு சேர்ந்து பாடும் செட்

வாகனத்தில் புதிதாகப் பூட்டிய ஆடியோ செட்டில் பாட்டுக்குப் பின்னால் மெல்லிய கீச்சொலி ஒன்று கேட்பதும், அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அது மேலே ஏறுவதும் இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து வேன்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் பழகிப்போன தொல்லை. பெரும்பாலும் செட்டில் பழுது இருப்பதில்லை. அது பூட்டப்பட்ட விதத்தில்தான் பழுது இருக்கும்.

இங்கே செட் மாற்றுவதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வரும் வாகனங்களின் வானொலி 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். பிந்தி வந்தவை 95 வரை போகும். இலங்கையின் பண்பலை 88 முதல் 108 வரை நீள்கிறது. தமிழ்ச் சேவைகளில் பல 100க்கு மேல்தான் ஒலிக்கின்றன. ஆகவே ஒன்றில் ஏரியல் வயரில் அலைவரிசையை இறக்கித் தரும் சிறு பெட்டி ஒன்றைச் செருக வேண்டும், அல்லது செட்டையே மாற்ற வேண்டும். மலிவான அந்தப் பெட்டிகள் தாமே இரைவதும் உண்டு என்பதால் செட்டை மாற்றுவதே மேல். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளே ஓடின; அவற்றின் வயரிங்கும் கூடவே கிழடு தட்டியது.

கீச்சொலியின் பிறப்பிடம் அல்டர்னேட்டர். அது உண்டாக்குவது மாறுதிசை மின்னோட்டம். உள்ளே இருக்கும் டயோட்கள் அதை நேர்மின்னோட்டமாக மாற்றி, ஏறத்தாழ 14 வோல்ட்டில் பெட்டரிக்கு அனுப்புகின்றன. அந்த மாற்றம் முழுமையானதல்ல. மேலே சிற்றலைகள் மிஞ்சுகின்றன. 12 துருவமுள்ள சாதாரண அல்டர்னேட்டரில் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகள் எழும். எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது அல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுற்றுவதாக வைத்தால், விநாடிக்கு 1200 சிற்றலைகள். எஞ்சின் வேகம் மும்மடங்கானால் 3600. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லை அதுதான். அளவில் அற்பமான சத்தம் இவ்வளவு எரிச்சலூட்டுவதற்கும் அதுவே காரணம்.

பெற்றோல் எஞ்சினில் இன்னொரு சத்தமும் சேரும். ஸ்பார்க் பிளக்கில் பல ஆயிரம் வோல்ட்டில் பொறி தெறிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வானொலி அலையும் கிளம்புகிறது. செட்டில் அது டிக் டிக் என்று கேட்கும். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. டீசல் வேனில் டிக் டிக் கேட்டால் பிளக்கைத் தேடிப் பயனில்லை. சிக்னல் விளக்கின் பிளாஷர், எரிபொருள் பம்ப் போன்றவற்றையே பார்க்க வேண்டும்.

சோதனையை எஞ்சினை நிறுத்திவிட்டுத் தொடங்க வேண்டும். சாவியைச் செட் வேலை செய்யும் நிலையில் மட்டும் வைத்துக் கேட்டால், இரைச்சல் நின்றுவிட்டதா இல்லையா என்பது தெரியும். நிற்காத இரைச்சலுக்கு வாகனத்தின் சார்ஜிங் பொறுப்பல்ல. வானொலியில் மட்டும் அப்படிக் கேட்டால் அது அலைவரிசையின் பலவீனமாக இருக்கலாம். இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கத்து மலை மடிப்புகளில் ஒரு வளைவில் தெளிவாகக் கேட்ட நிலையம் அடுத்த வளைவில் கரகரப்பது இயல்பு. பண்பலை அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. மலை குறுக்கே நின்றால் நிழல் விழும். இதற்கு மருந்து நல்ல ஏரியல் அல்லது அதே நிலையத்தின் வேறொரு அலைவரிசை. இரைச்சலைத் தடுக்கும் எந்தப் பில்டரும் உதவாது.

எஞ்சினோடு வந்து எஞ்சினோடு போகும் சத்தமானால், அடுத்துத் திருக வேண்டியது வொலியும் குமிழ். வொலியுமைக் கூட்டக் கூட்டச் சத்தமும் கூடினால், அது செட்டுக்குள் முன்பாகவே நுழைந்துவிட்டது: ஏரியல் வழியாக, போன் வயர் வழியாக, அல்லது செட்டின் கரண்ட் வயர் வழியாக. வொலியுமை முற்றாக இறக்கியும் அதே அளவில் இரைந்தால், செட்டுக்கும் அதன் ஒலியைப் பெருக்கும் அம்ப்புக்கும் இடையில், அல்லது அம்ப்பிலேயே குற்றம். பிறகு ஏரியல் வயரைக் கழற்றிப் பார்க்கலாம். போன் சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்கலாம். சிகரெட் லைட்டரில் செருகும் மலிவுச் சார்ஜரும், போனிலிருந்து செட்டுக்குப் போகும் ஆடியோ வயரும் ஒன்றாகப் பூட்டியிருந்தால் இரைச்சல் வருவது சர்வசாதாரணம். சார்ஜரைக் கழற்றியதும் போய்விடும். புளூடூத்தில் பாட்டைப் போட்டால் அந்த வயரே தேவையில்லை.

அம்ப் பூட்டிய வண்டியில், செட்டிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் சிக்னல் வயர்களை அம்ப்பிலிருந்து கழற்றினால் சத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் வயரோ செட்டோ காரணம். நிற்காவிட்டால் அம்ப்பின் கரண்ட் அல்லது எர்த்.

சபரகமுவையில் இந்தத் தேடல் பெரும்பாலும் எர்த்தில்தான் போய் முடியும். இரத்தினபுரி இலங்கையில் அதிக மழை பெறும் நகரங்களில் ஒன்று. ஈரம் தகட்டுக்கும் வயர் நுனிக்கும் இடையே புகுந்து துருவேற்றுகிறது. தோட்ட றோட்டின் கல்லும் குழியும் நட்டுகளைத் தளர்த்துகின்றன. இவற்றோடு பூட்டுகிறவரின் அவசரமும் சேர்கிறது. பெயின்ட் பூசிய தகட்டில் ஒரு ஸ்குரூவைத் திருகி, அதில் எர்த் வயரைச் சுற்றிவிட்டால் செட் பாடத்தான் செய்யும். ஆனால் செட்டுக்கு டேஷ்போர்ட்டுக்குப் பின்னால் ஓர் எர்த், அம்ப்புக்குப் பின் ஆசனத்தின் கீழ் ஓர் எர்த் என்று இருந்து, இரண்டுக்கும் இடையே சிறு வோல்ட் வித்தியாசம் உண்டானால், அந்த மின்னோட்டம் சிக்னல் வயரின் மேலுறை வழியே பாயும். அம்ப் அதையும் பாட்டென்றே எடுத்துப் பெருக்கித் தள்ளும்.

இதை மல்டிமீட்டர் காட்டிக்கொடுக்கும். எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, பாட்டும் ஒலிக்க, பெட்டரியின் மைனஸ் முனைக்கும் அம்ப்பின் எர்த் முனைக்கும் இடையே வோல்ட்டை அளக்க வேண்டும். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் இணைப்பு சரியில்லை. பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு பளபளக்கும் இடத்தில், கரண்ட் வயரின் பருமனுக்குக் குறையாத குட்டையான வயரை வளைய முனையோடு நட்டுப் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசிவிட வேண்டும். பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் வேலை இத்தோடு முடிந்துவிடும் என்பது கராஜ் பாஸ்மார் பலரின் பேச்சு. அது மிகையாகத் தோன்றவில்லை.

அதே மீட்டரை மாறுதிசை வோல்ட் நிலையில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பெட்டரி முனைகளில் அளந்தால் இன்னொன்று தெரியும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அல்டர்னேட்டரில் ஒரு டயோட் போயிருக்கலாம். அப்போது செட்டைக் குடைவது வீண்வேலை; அல்டர்னேட்டரைத்தான் கழற்ற வேண்டும்.

சிக்னல் வயர் கரண்ட் வயரோடு ஒட்டி ஓடக் கூடாது. ஒன்றை வண்டியின் இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் இழுப்பது வழக்கம். எங்காவது சந்தித்தே ஆக வேண்டுமானால் செங்குத்தாகக் குறுக்கிட வேண்டும்.

ஓட்டோவில் இப்படிப் பிரித்து இழுக்க இடமே இல்லை. அங்கே பெட்டரி சிறியது. சார்ஜிங்கின் சிற்றலைகளை விழுங்குவது அந்தப் பெட்டரிதான். அது தேய்ந்தால் சத்தம் தலைதூக்கும். ஆகவே ஓட்டோவில் முதலில் பெட்டரியைப் பார்ப்பது புத்தி. அடுத்தது ஸ்பார்க் பிளக்: உள்ளே மின்தடை வைத்த பிளக்குகள் உண்டு, விலை வித்தியாசமும் பெரிதல்ல. மூன்றாவது, அலங்காரத்துக்குப் போடும் எல்ஈடி விளக்குகள். மலிவான விளக்கின் மின்சுற்று நேரே பண்பலை அலைவரிசையில் இரையும். விளக்கை அணைத்ததும் நிலையம் தெளிந்தால் கள்ளன் அதுதான். வயர் மிச்சம் பிடிக்க ஸ்பீக்கரின் மைனஸை வண்டித் தகட்டில் கட்டும் பழக்கமும் உண்டு. இன்றைய செட்களில் ஸ்பீக்கரின் இரு வயர்களிலும் வோல்ட் இருக்கும். தகட்டில் தொட்டால் இரைச்சலோடு நிற்காது, உள்ளேயுள்ள ஐசி எரிந்துபோகவும் கூடும்.

கொழுந்து லொறியும் பஸ்ஸும் பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு பெட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் ஒரு பெட்டரி எப்போதும் பசியோடும் மற்றது அளவுக்கு மீறிய சார்ஜோடும் கிடந்து, இரண்டும் சீக்கிரம் செத்துவிடும். 24ஐ 12 ஆக்கும் கன்வேர்ட்டரே சரியான வழி. அதுவும் உள்ளே வேகமாகத் தட்டித் தட்டி வேலை செய்வதால் இரைச்சல் கிளப்பும். உலோகக் கூட்டுக்குள் அமைந்ததாக வாங்கி, ஏரியல் வயரிலிருந்து தள்ளிப் பூட்ட வேண்டும்.

கடையில் முதலில் விற்கப்படும் பில்டர், உண்மையில் கடைசியாக வாங்க வேண்டியது. கரண்ட் வயர் வழியே வரும் சிற்றலைக்கு, சுருளும் கப்பாசிட்டரும் சேர்ந்த பில்டரைச் செட்டுக்கு அருகிலேயே பூட்ட வேண்டும். செட்டின் பியூஸில் எழுதியிருக்கும் அம்பியருக்குக் குறையாமல் அது தாங்க வேண்டும். சிக்னல் வயரில் பூட்டும் ஐசொலேட்டர் எர்த் வித்தியாசத்தை அடைத்துவிடும், ஆனால் மலிவான ஐசொலேட்டர் பாட்டின் அடித்தாளத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும். எர்த்தைச் சரியாக்கிய பிறகும் சத்தம் மிஞ்சியிருந்தால் மட்டும் அதைப் போட்டால் போதும்.