செவ்வாய்க்காரனைச் சாய்த்தது எது?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சித்தூருக்கோ திருப்பதிக்கோ மாற்றலாகி வரும் குமாஸ்தா, ஊருக்குச் சொல்லும் முதல் சமாசாரம் பெரும்பாலும் ஒன்றுதான்: "இங்கே தண்ணீர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை." பக்கத்து வீட்டுக்காரர் அதே தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டுத் தெம்பாக நடமாடுவார். இவருக்கோ வயிறு கலங்கும். நாளடைவில் சரியாகிவிடும். புதிய ஊரின் கிருமிகளோடு உடம்பு பழகிக்கொள்கிறது என்பதே இதன் பொருள்.

இந்தச் சாதாரண விஷயத்தை வைத்து உலகப் புகழ் பெற்ற கதை ஒன்றை எழுதினார் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். 'உலகங்களின் யுத்தம்' என்னும் அந்த நாவல் 1898-ல் புத்தகமாக வெளிவந்தது. செவ்வாய்க் கிரகத்து ஜீவன்கள் மூன்று கால் இயந்திரங்களில் ஏறி வந்து, வெப்பக் கதிரால் இங்கிலாந்தைச் சுட்டெரிக்கின்றன. பீரங்கிப் படையால் அவற்றைத் தடுத்து நிறுத்த முடியவில்லை. கடைசியில் அவை தாமாகவே செத்து விழுகின்றன. கொன்றவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்! செவ்வாயில் கிருமிகளே இல்லை. ஆகவே அவற்றைத் தாங்கும் சக்தியும் அந்த உடம்புகளுக்கு இல்லை.

வெல்ஸ், பிராணி நூல் மேதை ஹக்ஸ்லியிடம் பாடம் கேட்டவர். அதனால்தான் அவர் கற்பனையில் பிறந்த ஜீவனின் பலவீனம் அதன் சொந்த ஊரிலிருந்தே வருகிறது.

வரமும் ஓட்டையும்

வெல்ல முடியாதவனுக்கு ஒரு பலவீனம் வைப்பது நமக்குப் புதிதல்ல. திருமலைக் கோயிலில் யோக நரசிம்மரைச் சேவிப்பவர்கள் இரணியன் கதையை அறிவார்கள். மனிதனாலும் மிருகத்தாலும், பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும் சாகாத வரம் பெற்றவன், அந்தி வேளையில் வாசற்படியில் மாண்டான். ஆனால் அங்கே ஓட்டை இருந்தது வரத்தின் வாசகத்தில். அசுரனின் உடம்பில் அல்ல. விஞ்ஞானக் கதைக்கு உடம்பே சாட்சி சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால் கதை இடறிவிடும். மாஹேயில் பிறந்து அமெரிக்காவில் படமெடுக்கும் மனோஜ் நைட் சியாமளனின் 'சைன்ஸ்' படம் 2002-ல் வெளியானது. அதில் வரும் அன்னிய கிரகவாசிகளுக்குத் தண்ணீர் பட்டாலே உடம்பு வெந்துவிடும். படம் நன்றாக ஓடியது. ஆனாலும், "முக்கால் பங்கு தண்ணீராக உள்ள உலகத்துக்கு அவர்கள் ஏன் வரவேண்டும்?" என்று ரசிகர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே.

மலையிலுள்ள பாடம்

நல்ல பலவீனத்துக்கு உதாரணம் தேடி வேறு கிரகத்துக்குப் போக வேண்டியதில்லை. திருமலையைச் சுற்றியுள்ள குன்றுகளில் தங்கப் பல்லி வாழ்கிறது. 1870-ல் பெடோம் என்ற ஆங்கிலேயர் இதை விவரித்தார். பிறகு நெடுங்காலம் தகவலே இல்லை. 1980-களில் மீண்டும் கண்டறியப்பட்டது. ஈரமும் குளிர்ச்சியும் உள்ள பாறை இடுக்குகளே இதன் வீடு. பல பெண் பல்லிகள் ஒரே பாறைச் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கின்றன. வெயிலும் பகையும் எட்டாத இடம் என்பது பலம். ஒட்டிய முட்டையைப் பெயர்த்து வேறிடம் கொண்டுபோக முடியாது என்பது பலவீனம். பலமும் பலவீனமும் ஒரே பாறையில்! ஒரு கிரகத்தின் வாரிசுகள் அத்தனையும் ஒரே குகைச் சுவரில் இருப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். கதை தானாக வந்துவிடும்.

கதையும் சரித்திரமும்

வெல்ஸ் கதையில் செத்தவர்கள் படையெடுத்து வந்தவர்கள். சரித்திரத்தில் பெரும்பாலும் நடந்தது இதற்கு நேர்மாறு. 1858-ல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் குடியேறினர். 1877-ல் தட்டம்மை பரவி, கிரேட் அந்தமானியப் பழங்குடியினரில் ஏராளமானோர் மாண்டனர். காட்டிலிருந்து வெளியே வந்து பழகத் தொடங்கிய ஜாரவா மக்களையும் 1999-ல் அதே தட்டம்மை தாக்கியது. நம் வீட்டுக் குழந்தைக்கு வந்து போகும் நோய், அதைக் கண்டறியாத சமூகத்துக்கு எமனாகிவிடுகிறது. அந்தமான் பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்குள் வெளியார் நுழைவதை 1956-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துவதற்கு இதுவும் ஒரு நியாயம்.

இதே கவலை வானத்துக்கும் உண்டு. 1969-ல் சந்திரனுக்குப் போய்த் திரும்பிய அப்போலோ-11 வீரர்கள் மூவரும் 21 நாள் தனிமையில் வைக்கப்பட்டனர். அங்கிருந்து கிருமி வந்துவிடுமோ என்ற பயம். இங்கிருந்து கிருமி போய்விடக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. பிற கோளங்களை மாசுபடுத்தக் கூடாது என்று 1967-ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தம் கூறுகிறது. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடு.

திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 நவம்பர் 5-ந் தேதி மங்கள்யான் புறப்பட்டது. அது செவ்வாயில் இறங்கவில்லை, சுற்றித்தான் வந்தது. என்றாவது ஒருநாள் நம் கலம் அங்கே இறங்கும்போது, அந்த மண்ணுக்கு நாமே அன்னிய கிரகவாசிகள். அங்கே உயிர் ஏதும் இருந்தால், அதற்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்பது நமக்குத் தெரியாது.

ஊர் மாறி வந்து ஒரு வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தவருக்கு, இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.