பாதி முடிந்த கத்தி

குஜராத் மாநிலத்தில் கட்ச் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அதன் தலைநகரம் புஜ். புஜ் நகருக்குப் பக்கத்தில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று மோட்டா ரேஹா. இன்னொன்று நானா ரேஹா. பெரிய ரேஹா, சின்ன ரேஹா என்று பொருள். கத்திக்கும் பாக்குவெட்டிக்கும் பேர் போன ஊர்கள் இவை. உத்தரப் பிரதேசத்தில் ராம்பூர் என்ற ஊரும் கத்திக்குப் பேர் பெற்றது. அதே மாநிலத்தின் மீரட் நகரத்தில் கத்தரிக்கோல் செய்கிறார்கள்.

கையால் இரும்பு அடிக்கும் குடும்பங்கள் நம் நாடு முழுவதும் இருக்கின்றன. இவர்களில் பலருக்கு வீடு வேறு, பட்டறை வேறு என்று இல்லை. முற்றத்தில் உலை இருக்கும். திண்ணையில் சாணை இருக்கும். உள்ளே குழந்தை தூங்கும். கணவர் இரும்பு அடிப்பார். மனைவி அரம் போடுவார், கைப்பிடியைத் தேய்ப்பார். ராத்திரி ஆனதும் செய்து முடித்த கத்தியும் வீட்டுக்குள் வரும். முடியாத கத்தியும் வீட்டுக்குள் வரும்.

இந்த இரண்டில் எது அதிக ஆபத்து?

முடிந்த கத்தி என்றுதான் பலரும் சொல்வார்கள். அதுதானே கூராக இருக்கிறது! ஆனால் யோசித்துப் பாருங்கள். முடிந்த கத்திக்குக் கைப்பிடி இருக்கிறது. உறை இருக்கிறது. அது கத்தி என்று மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். பாதி முடிந்த கத்திக்கு இவை எதுவும் இல்லை. பார்த்தால் வெறும் இரும்புப் பட்டை. ஆனால் அதன் ஓரத்தில் சாணை பிடித்த பிசிறு நிற்கும். அது பிளேடு போல வெட்டும். கைப்பிடிக்குள் போக வேண்டிய வால் பகுதியும் ஊசி போல நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் ஆபத்து. எந்தப் பக்கம் பிடிப்பது?

சூட்டையும் கவனிக்க வேண்டும். உலையில் சிவந்திருக்கும் இரும்பை யாரும் தொட மாட்டார்கள். இரும்பு சிவந்து தெரிய 500 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அதற்குக் கீழே வந்தால் மறுபடி கறுத்துவிடும். ஆனால் நம் தோல் வெந்துபோக 70 டிகிரி போதும். அதாவது, கறுப்பாகக் கிடக்கும் இரும்பும் வெகுநேரம் சுடும். ஆறிவிட்டது என்று நினைத்துத்தான் தொடுகிறார்கள். ஆகவே, ஆற வைக்கும் இரும்புக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்க வேண்டும். மணல் நிரப்பிய ஒரு தகரப் பெட்டி நல்லது. அந்தப் பெட்டிக்குள் இருப்பது எல்லாம் சூடுதான் என்று வீட்டில் உள்ள அனைவரும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தோய்ச்சல். பழுக்கக் காய்ச்சிய கத்தியைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று முக்குவதைத் தோய்ச்சல் என்கிறோம். இதனால் இரும்பு கடினமாகிறது. கூடவே கண்ணாடி போல நொறுங்கும் குணமும் வந்துவிடுகிறது. தரையில் விழுந்தால் உடையும். சில சமயம் யாரும் தொடாமலே விரிசல் விடும். அதனால்தான் அதை மறுபடியும் லேசாகச் சூடாக்கி ஆற விடுகிறோம். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் வரும் வரை சூடாக்குவது வழக்கம். இந்தச் சூட்டைத் தள்ளிப்போடக் கூடாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று அலமாரியில் வைத்தால், அது கத்தி அல்ல, கண்ணாடித் துண்டு. ஒரு நாளில் எத்தனை கத்திக்கு இந்தச் சூடு கொடுக்க முடியுமோ, அத்தனைக்கு மட்டும் தோய்ச்சல் கொடுங்கள்.

சரி, இவற்றை எப்படி வைப்பது?

முதலில் வேலையின் வரிசையைப் பாருங்கள். கூர் தீட்டுவது கடைசி வேலையாக இருக்கட்டும். கைப்பிடி போட்டு, தேய்த்து, எல்லாம் முடித்த பிறகு, விற்பனைக்குக் கொடுக்கும் நாளில் கூர் தீட்டினால் போதும். அதுவரை வீட்டில் இருப்பது மழுங்கிய கத்திதான். இது காசு செலவில்லாத பாதுகாப்பு. சாணை பிடித்ததும் ஓரத்துப் பிசிறை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து நீக்கிவிடுங்கள்.

அலகுக்கு ஒரு மூடி வேண்டும். மூங்கிலை நீளமாகப் பிளந்து, அதன் நடுவே அலகைச் செருகிக் கட்டலாம். தடித்த அட்டையை இரண்டாக மடித்தும் கட்டலாம். வால் பகுதிக்கு ஒரு மரத்துண்டைச் செருகி வையுங்கள்.

சாக்கில் போட்டு மூலையில் வைக்கவே கூடாது. முனை சாக்கைக் கிழித்து வெளியே வரும். வெளிச்சம் இல்லாத நேரத்தில் யாராவது உள்ளே கை விட்டால் என்ன ஆகும்?

குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்கிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். எட்டாத உயரம் எது? நாலு வயதுப் பிள்ளை முக்காலி போட்டு ஏறுகிறது. மேலும், உயரத்தில் இருப்பது ஒரு நாள் கீழே விழும். கட்ச் மாவட்டத்தில் 2001 ஜனவரி 26 அன்று பெரிய நிலநடுக்கம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தலைக்கு மேலே பரணில் இரும்பு இருப்பது நல்லதல்ல. தரையில் வைத்த மரப்பெட்டி போதும். அதற்கு ஒரு பூட்டு வேண்டும். பெட்டிக்குள் பலகையில் வரிசையாகப் பள்ளம் வெட்டி, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கத்தி வைக்கலாம். முனைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். எடுப்பவர் கை எந்தப் பக்கம் வரும் என்பது அப்போது தெரியும்.

பெட்டி மூடியின் மேல் சாக்பீஸால் எழுதி வைக்கலாம். 'கத்தி 12. சாணை முடிந்தது. தோய்ச்சல் ஆகவில்லை.' இவ்வளவு எழுதினால் போதும். காலையில் எத்தனை எடுத்தோம், மாலையில் எத்தனை வைத்தோம் என்று எண்ணிவிடலாம். ஒன்று குறைந்தால் படுப்பதற்கு முன் தேடுவோம். பிள்ளை கையில் கிடைப்பதற்கு முன்னால் நம் கையில் கிடைத்துவிடும்.

கத்தி மனிதரைக் காயப்படுத்துவது மட்டும் நஷ்டம் அல்ல. துருப் பிடித்தாலும் நஷ்டம்தான். நாலு நாள் உழைப்பு ஒரு மழை ராத்திரியில் வீணாகும். புதிதாகத் தேய்த்த இரும்புதான் சீக்கிரம் துருப் பிடிக்கும். நம் விரலின் வியர்வையில் உப்பு இருக்கிறது. கை பட்ட இடத்தில் விரல் ரேகையே துருவாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். உப்புத் தண்ணீரில் தோய்ச்சல் கொடுப்பவர்கள், உடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பிறகு துடைத்து, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். சமையல் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாம். மற்றவைக்குத் தையல் மெஷின் எண்ணெய் நல்லது. கடுகு எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும்.

தோல் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் கத்தியோடு ஒட்டியே இருக்கும். உறையைத் தனியாக வையுங்கள், விற்கும்போது போடுங்கள். பித்தளைக் கைப்பிடி போட்ட கத்தியில் இன்னொரு கவனம் வேண்டும். பித்தளையும் இரும்பும் சேரும் இடத்தில் ஈரம் தங்கினால், இரும்பு வேகமாக அரிக்கும். அந்த இடுக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

எண்ணெய்த் துணியிலும் ஆபத்து உண்டு. மரக் கைப்பிடிக்கு ஆளி விதை எண்ணெய் பூசுகிறார்கள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நெருப்பே தேவை இல்லை! வெளியில் விரித்துக் காயப் போடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

சட்டமும் ஒன்று உண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்குமான கத்திகளுக்கு இதில் தடை இல்லை. அந்த உபயோகம் இல்லாமல் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அது ஆயுதக் கணக்கில் சேரும். அப்படி யாராவது செய்யச் சொன்னால், முதலில் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் கை வெட்டிக்கொள்ளும். அப்போது சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்குங்கள். காப்பித் தூள், சாம்பல், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். இரும்புத் துண்டு குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சூடு பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்.

துரு குத்தினால் இரணஜன்னி வரும் என்பார்கள். துருவால் வருவது இல்லை. இரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. முற்றத்தில் கிடந்த இரும்பில் அது ஒட்டியிருக்கும். பளபளக்கும் கத்தி மண்ணில் விழுந்தாலும் ஒட்டும். ஆழமான காயம் என்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்று நர்ஸ் கேட்பார். பலருக்கும் நினைவு இருக்காது. அந்தத் தேதியையும் பெட்டி மூடியின் உட்புறத்தில் பெயின்டால் எழுதி வைக்கலாம். வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே ஒரு தேதி.