நெய்க்காரப்பட்டி நிலத்துக்கு யார் வாடகை தருவார்?

தொழில் நிலத்தில் பணம் போட நினைப்பவர்களின் கண் இப்போது பழனிக்கு மேற்கே திரும்பியிருக்கிறது. திண்டுக்கல்–பொள்ளாச்சி சாலை அகலமாகிவிட்டது. 2015 முதல் பழனி–பொள்ளாச்சி அகலப்பாதையில் ரயில் ஓடுகிறது. கோவையிலும் திருப்பூரிலும் இடம் கிடைப்பது அரிதாகிவிட்டதால் அடுத்த அலை நெய்க்காரப்பட்டி பக்கம்தான் என்று கணிப்பது எளிது. ஏக்கர் விலை ஏறவும் கூடும். ஆனால் விலை ஏறியதாலேயே தொழிற்சாலை வந்துவிடாது. வாங்கிப் போடும் இடத்துக்கு மாதாமாதம் வாடகை தரப்போவது யார் என்று பார்க்காத கணிப்பை நம்பிக் கிரையம் செய்யக் கூடாது. அந்த வாடகைதாரரை வரவழைப்பதில் சாலையைவிடத் தண்ணீருக்கே பங்கு அதிகம்.

'நிலம் என்றைக்கு இறங்கியிருக்கிறது?' என்பார்கள். தமிழ்நாட்டில் 2012-ல் உயர்த்திய வழிகாட்டி மதிப்பை 2017 ஜூனில் அரசே 33 சதவீதம் குறைத்தது. 2023-ல் அது பழைய அளவுக்குத்தான் திரும்பியது. சந்தை விலை வேறு என்பது உண்மைதான். ஆனால் சந்தை தேங்கி நின்ற காலம் உண்டு என்பதற்கு அந்தக் குறைப்பே சாட்சி. வாங்கும்போதே முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் என்று 9 சதவீதம் போய்விடுகிறது. பெரிய ஆலைக்காரருக்கோ அரசின் தொழில் வளாக நிறுவனமான சிப்காட் 99 ஆண்டு குத்தகைக்கு இடம் தருகிறது. இதே திண்டுக்கல் மாவட்டத்தின் நிலக்கோட்டையிலும் சிப்காட் வளாகம் இருக்கிறது. சாலை, மின்சாரம், வடிகால் எல்லாம் அங்கே தயாராக இருக்கும்போது, அவர் தனியாரின் காட்டைத் தேடி ஏன் வர வேண்டும்? துறைமுகமும் விமான நிலையமும் எட்டும் தூரத்தில் உள்ள ஸ்ரீபெரும்புதூரிலேயே, 2014 நவம்பரில் மூடிய கைபேசி ஆலை ஒன்று மறுபடி ஆள் வர ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காத்துக் கிடந்தது.

நெய்க்காரப்பட்டியில் ஏற்கெனவே ஒரு தொழில் இருக்கிறது. முதலீட்டுக் கணக்குகளில் அது ஏறுவதேயில்லை. கரும்புக் காட்டின் ஓரத்திலேயே ஆலைக் கொட்டகை. பிழிந்த சாறு கொப்பரையில் கொதிக்க, முந்தி பிழிந்து காயப்போட்ட சக்கையே அடுப்புக்கு எரிபொருள். அழுக்கை வழித்தெடுத்து, பாகு பதம் வந்ததும் தொட்டியில் ஊற்றி, சூடு முழுக்க ஆறுமுன் உருண்டை பிடித்துச் சிப்பம் கட்டுகிறார்கள். அங்கிருந்து மண்டி, மண்டியில் இருந்து கேரளம். இந்தச் சங்கிலி முழுக்க பாலாறு–பொருந்தலாறு, குதிரையாறு அணைகளையும் கிணறுகளையும் நம்பியது. இங்கே பத்து ஏக்கர் கரும்புக் காட்டை வாங்கிக் கம்பிவேலி போட்டு வைத்தால், கரும்பு போகும், தொழிற்சாலையும் வராது. வாய்க்காலைத் தூர்வார ஆள் குறைந்து கடைமடைக்காரர் காய்வார். சுற்றிலும் கரும்பு குறையக் குறைய ஆலைக் கொட்டகையின் அடுப்பும் அணையும். ஒரு தடவை கலைந்த இந்த ஏற்பாட்டை எந்த விலை கொடுத்தும் மறுபடி கட்ட முடியாது. எனக்குள்ள பெரிய பயம் இதுதான்.

கரும்பு குடிக்கும் தண்ணீரில் ஒரு சிறு பங்கு போதுமே தொழிற்சாலைக்கு என்று கேட்பவர்கள் உண்டு. அளவை மட்டும் பார்த்தால் சரி. மழை பொய்த்த வருஷம் விவசாயி மக்காச்சோளத்துக்கு மாறிக்கொள்வார். கடன் வாங்கிக் கட்டிய ஆலை ஒரு மாதம்கூட நிற்க முடியாது. ஆலை வெளியே விடும் கழிவு அதைவிடப் பெரிய விஷயம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் வட்டாரத்தில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, நொய்யல் ஆற்றைக் கெடுத்த கழிவே அந்தக் கட்டடங்களின் வாடகையையும் முடக்கியது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழில் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இளைஞர்களுக்கு வேலை வேண்டும் என்ற வாதத்தை நான் தள்ளவில்லை. அந்த வேலை விளைச்சலை ஒட்டி வரட்டும். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கும் நெய்க்காரப்பட்டி வெல்லத்துக்கும் குடோன், குளிர்பதனக் கிடங்கு, தரம் பிரித்துப் பொட்டலம் போடும் கூடம் இவைதான் வேண்டும். மேட்டுப் புஞ்சையில், சாலையை ஒட்டி, இரண்டு மூன்று ஏக்கருக்குள் கட்டினால் வாடகைக்கு வர வியாபாரிகள் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். நஞ்சை என்று பதிவான நிலத்தை மாற்ற ஆட்சியரின் இசைவு வேண்டும். அது கிடைத்துவிடும் என்ற வாய்ப்பேச்சை நம்பி முன்பணம் கொடுப்பவர், கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் கடைசி ஐந்து வருஷம் என்ன பயிர் எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்கட்டும்.