கேமராவில் செத்த பேட்டரி கடிகாரத்தில் ஓடுவது ஏன்?

பென்னாகரத்தில் பத்து, இருபது ரூபாய்க்கு ஏஏ பேட்டரி வாங்கிப் போட்டுக்கொண்டு ஒகேனக்கல் போனால், பரிசல் ஏறுவதற்குள் கேமரா படுத்துவிடும். அதே பேட்டரி சுவர்க் கடிகாரத்தில் மாதக்கணக்கில் ஓடும்.

காரணம் உள்மின்தடை. கடிகாரம் சொட்டுச் சொட்டாகத்தான் மின்சாரம் கேட்கிறது. ஃபிளாஷ் சார்ஜ் ஆகும்போது கேமரா ஓர் ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். சாதாரண துத்தநாக-கார்பன் பேட்டரியில் தடை அதிகம். அந்த இழுப்பில் 1.5 வோல்ட் சட்டென்று சரியும். உள்ளே சரக்கு மிச்சமிருந்தாலும் கேமரா ‘காலி’ என்று கணக்கை முடித்துவிடும்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரியில் 1.2 வோல்ட்தான். ஆனால் தடை குறைவு. தீரும் தறுவாய்வரை ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். பழைய வகை, சும்மா வைத்திருந்தாலே சில மாதங்களில் வடிந்துவிடும். 2005இல் ஜப்பானின் சான்யோ கொண்டுவந்த எனலூப் பேட்டரி, ஓராண்டு கழித்தும் சார்ஜின் பெரும்பகுதியைத் தக்கவைத்தது. எப்போதாவது படமெடுப்பவருக்கு இந்த வகைதான் சரி. ஏஏ அளவில் கொள்ளளவு 3,000 எம்ஏஎச்சுக்கு (மில்லிஆம்பியர்-மணி) மேல் என்று அச்சடித்திருந்தால் நான் நம்புவதில்லை.

புதியதையும் பழையதையும் ஜோடி சேர்க்காதீர்கள். பலவீனமானது முதலில் காலியாகும். மற்றது விடாமல் தள்ளும் மின்னோட்டத்தில் அதன் துருவமே தலைகீழாகி, பேட்டரி கெட்டுப்போகும்.