மனச்சோர்வும் மாணவர் கல்வியும்

ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) பக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவில் 300 மாணவர்க்குப் போதித்து வந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் நா பாடஞ்சொல்ல இயலாது கட்டுண்டது; உணவும் செரிக்கவில்லை. நோய் உள்ளத்தில் தோன்றி உடலில் பரவியதென மருத்துவர் கூறியதை இமாமவர்களே ‘அல்முன்கித் மினள்ளலால்’ நூலில் பதிந்துள்ளார்கள். அவர்களின் நெருக்கடி ஆன்மிகமானது. ஆயினும் உள்ளம் தளர்ந்தால் கல்விப் பணியும் தளரும் என்பது அதில் தெளிவு.

மனச்சோர்வு பல்கலைக்கழக மாணவரின் உறக்கம், கவனம், நினைவாற்றல் மூன்றையும் குன்றச் செய்கிறது. மதிப்பெண் சரிகிறது, அச்சரிவே சோர்வை மேலும் வளர்க்கிறது. இதனைச் சோம்பலென்றோ ஈமானின் குறைவென்றோ பழித்தல் தகாது.

ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஜைத் அல்பல்கீ, காரணம் அறிந்த துயரையும் அறியாத துயரையும் வகைபிரித்து, உடல்நோய்போல் உளநோய்க்கும் சிகிச்சை உண்டென எழுதினார். ஆகவே, துஆவோடு மருத்துவரையும் நாடச் செய்வது பெற்றோர், ஆசிரியர் கடமையாகும்.