கல்லாற்று மழையும் பேரெண்ணைத் தேடும் வினவலும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடிக்கு ஏறும் இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளின் அடியில் அமைந்துள்ளது கல்லாறு. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடிப் பகுதியில் பெய்யும் மழை, பாறைகளின் ஊடே விரைந்திறங்கி இவ்வாற்றை அடைகிறது. பின்னர் வாமனபுரம் ஆற்றுடன் கலக்கிறது. அடிவாரத்தில் வெயில் காயும்போதே நீர் திடீரெனப் பெருகுவதுண்டு. அண்மையிலுள்ள மங்கயம் ஓடையில் 2022 செப்டம்பரில் இத்தகைய பெருக்கு உயிர்களைப் பறித்தது. ஆகவே அடிவாரத்து மழைமானி ஒன்றை மட்டும் நம்பியிருத்தல் தகாது. பல மானிகளின் அளவுகளுள் மிகப் பெரியது எது என்பதே வினா.

கணிப்பொறியின் தரவுத்தளத்தில் இவ்வினா எளிதாகத் தோன்றினும் அவ்வாறன்று. ஒரே பத்தியில் மேலிருந்து கீழாக அடுக்கிய எண்களுள் பெரியதைக் காண 'மாக்ஸ்' என்னும் சொல் உளது. ஒரே நாளுக்குரிய கிடைவரிசையில் மூன்று மானிகளின் அளவுகள் பக்கம் பக்கமாக நின்றால் அது உதவாது. 'கிரேட்டஸ்ட்' என்னும் வேறொரு சொல் வேண்டும்.

உதாரணமாக, ஒரு நாளில் முதல் மானி 42 மில்லிமீட்டரும் இரண்டாவது 118 மில்லிமீட்டரும் காட்ட, மூன்றாவது பழுதுற்றுக் கட்டம் வெறுமையாக இருப்பதாகக் கொள்வோம். 'போஸ்ட்கிரெஸ்' வெற்றிடத்தை விலக்கி 118 எனத் தரும். 'ஆரக்கிள்', 'மைஎஸ்கியூஎல்' ஆகியவையோ விடையையே வெற்றிடமாக்கிவிடும். இதற்கஞ்சி வெற்றிடத்தில் சுழியை இட்டு வைக்கும் வழக்கம் பலரிடம் காணப்படுகிறது. இது தீது. மூன்று மானிகளும் பழுதுற்ற நாள் மழையே பெய்யாத நாளாகப் பதிவாகிவிடுமன்றோ? அளவிடப்படாமையும் மழையின்மையும் ஒன்றல்ல. ஒவ்வொரு மானிக்கும் தனி வரிசை அளித்தல் மேலான ஏற்பாடு. அப்பொழுது நாள்வாரியாகத் தொகுத்து 'மாக்ஸ்' எனக் கேட்கலாம், எத்தனை மானிகள் அளவு தந்தன என்பதையும் உடன் எண்ணலாம்.

எண்களை எழுத்துக்களாகப் பதிந்தால் மற்றொரு வேடிக்கை விளையும். அகராதி முறையில் ஒப்பிடப்படுவதால் 118 ஐக் காட்டிலும் 9 பெரிதாகிவிடும்!

வினவல் பிழையற்றிருந்தும் விடை ஏமாற்றக்கூடும். இந்திய வானிலை ஆய்வுத்துறை, காலை 8.30 மணியுடன் முடியும் இருபத்துநான்கு மணி நேரத்தையே ஒரு நாளாகக் கொள்கிறது. விடியற்காலையில் தொடங்கி நண்பகல் வரை தொடர்ந்த ஒரே மழை, 8.30 மணியில் இரண்டாகப் பிளந்து, நாளொன்றுக்கு 70 மில்லிமீட்டர் எனப் பதிவாகலாம். இரண்டும் 64.5 முதல் 115.5 வரையிலான கனமழை வகுப்பில் அடங்கும். ஆனால் ஆறு கண்டதோ 140 மில்லிமீட்டர். அது மிகக் கனமழைக்குரிய அளவாகும். மணிவாரிப் பதிவுகள் கிடைக்குமாயின், அடுத்தடுத்த இருபத்துநான்கு மணிகளின் கூட்டுத்தொகையை ஒவ்வொரு மணிக்கும் கணித்து, அவற்றுள் பெரியதைத் தேடுதல் வேண்டும்.