சாலைக்குச் சோறு, சாலையால் சோறு

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதும், அலாஸ்காவுக்குத் தரைவழி வேண்டுமென்று அமெரிக்கா முடிவெடுத்தது. 1942 மார்ச்சில் கனடாவின் டாசன் கிரீக் ரயிலடியில் படைவீரர்கள் வந்து இறங்கினார்கள். அக்டோபர் முடிவதற்குள், காட்டையும் சேற்றையும் கடந்து சுமார் 2,700 கிலோமீட்டர் மண்சாலை போட்டுவிட்டார்கள். பாடுபட்டவர்கள் 10,000 பேருக்கு மேல். அத்தனை பேருக்கும் சாப்பாடு போட்டது, சாலை போட்டதற்குச் சற்றும் இளைத்த வேலையல்ல.

அன்று

வழியில் வயலும் இல்லை, சந்தையும் இல்லை. வடக்கே ஃபோர்ட் நெல்சனுக்குப் போன படையினருக்கு வேண்டிய உணவையும் எரிபொருளையும், இடையில் ஓடும் பீஸ் ஆற்றின் பனி உருகுவதற்குள் லாரிகளில் கொண்டுசேர்த்தாக வேண்டும். உறைந்த ஆறு சீக்கிரம் இளகாமலிருக்க அதன்மேல் மரத்தூளைப் பரப்பினார்கள்.

கடுங்குளிரில் முட்டையும் காய்கறியும் உறைந்து கெடும், சுமையும் அதிகம். ஆகவே முட்டைத்தூள், உலர்த்திய உருளைக்கிழங்கு, டப்பாவில் அடைத்த ஸ்பாம் இறைச்சி, வியன்னா சாசேஜ் என்று மாதக்கணக்கில் இவையே தட்டில் விழுந்தன. சாலை நகர நகர முகாமும் நகர்ந்தது. சமையல் கூடாரத்தைப் பிரித்து, ஏற்றி, அடுத்த இடத்தில் மறுபடி அடிக்க வேண்டும். பின்னால் வரும் லாரி சேற்றில் புதைந்தால், முன்னால் இருப்பவர்களுக்கு அரைவயிறுதான்.

சாலை போட்ட படைவீரர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். அன்றைய அமெரிக்கப் படை நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தது. கறுப்பின வீரர்களை ஊர்ப்பக்கம் அண்டவிடாமல் காட்டுக் கூடாரங்களிலேயே வைத்தார்கள். அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, சாலையின் கடினமான பகுதிகளை வெட்டித் தந்தார்கள்.

டப்பா உணவு சலித்தவர்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். கனடாவின் யூகான் பகுதியில், குளுவான் ஏரிப் பக்கம் வேட்டை மிதமிஞ்சிப் போகிறது என்ற கவலையில், அரசு 1943-ல் அந்த வட்டாரத்தை விலங்குகள் சரணாலயம் ஆக்கியது. வேட்டைத் தடை அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தெற்கு டூஷோனி மக்கள்மீதும் விழுந்தது. சாலை அளந்தவர்களுக்குக் காட்டுத்தடம் காட்டியவர்கள் அந்த நாட்டுப் பூர்வகுடிகள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இருந்தவர்களின் உணவுக்காடு பறிபோயிற்று.

இன்று

வளைவுகள் நிமிர்க்கப்பட்டு, சாலை சுமார் 2,200 கிலோமீட்டராகச் சுருங்கியிருக்கிறது, தார் போட்டாயிற்று. யூகான் ஆட்சிப்பகுதியின் மளிகையும் காய்கறியும் பெரும்பாலும் இந்த வழியில்தான் லாரி ஏறி வருகின்றன. 2012 ஜூனில் வெள்ளம் சாலையை அரித்துப் போக்குவரத்து நின்றபோது, சில நாட்களிலேயே அங்குள்ள ஒயிட்ஹார்ஸ் நகரக் கடைகளில் அலமாரிகள் காலியாயின. ஒருகாலத்தில் சோறு போடவே திண்டாடிய சாலை, இன்று ஊருக்கே சோறு போடுகிறது.

அமெரிக்கப் படையில் நிறப் பிரிவினையை ஒழிக்கும் ஆணை 1948-ல் வந்தது. கறுப்பின வீரர்களின் உழைப்பை நினைவுகூர அக்டோபர் 25-ஐ அலாஸ்கா மாநிலம் ஒதுக்கியதோ 2017-ல்தான். குளுவானில் வேட்டையாடும் உரிமை, 1993-லும் 2003-லும் கையெழுத்தான ஒப்பந்தங்கள் வழியாகப் பூர்வகுடிகளிடம் திரும்பியது. இடையில் குறைந்தது 50 ஆண்டுகள் கழிந்துவிட்டன. பேரப்பிள்ளைக்கு வேட்டை சொல்லித்தர வேண்டிய தாத்தாக்களில் பலர் அதற்குள் மறைந்திருப்பார்கள். காகிதத்தில் உரிமை திரும்பலாம். அந்த ஆண்டுகள் திரும்பா.

பெரிய சாலைக்குக் கணக்கு எழுதும்போது, வேலையாட்களுக்குப் போட்ட சாப்பாட்டை மட்டும் எழுதினால் போதாது. யாருடைய சாப்பாட்டை எடுத்தோம் என்பதையும் எழுத வேண்டும். அதுவும், சாலை போடத் தொடங்கும் அன்றே எழுத வேண்டும்.